காதுக்கும் தலைக்கும் ஒத்துவருவது எது?

விலை உயர்ந்த ஹெட்போன் வைத்திருப்பவர்கள் அதன் ஒலியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். தலையில் அது எப்படி உட்கார்ந்தது என்று கேட்டால் பதில் வராது. கம்மாபுரம் போன்ற நம் ஊர்களில் கத்திரி வெயில் அடிக்கும்போது, காதை இறுக மூடிக்கொண்டு ராகம் தானம் பல்லவி கேட்டுப் பாருங்கள். தானம் வருவதற்குள் காது மெத்தை வியர்வையில் ஊறிவிடும். அப்புறம் சங்கீதம் எங்கே மனதில் ஏறும்?

மூன்று ஹெட்போன்களைப் பற்றிச் சொல்கிறேன். சென்ஹைசர் எச்.டி. 600 வந்தது 1997-இல். எடை 260 கிராம். கூட்டின் வெளிப்புறம் வெறும் கம்பிவலை என்பதால் உள்ளே காற்று போய்வரும். புதிதில் கன்னத்தைக் கொஞ்சம் கவ்விப் பிடிக்கும்; நாளாக ஆகத் தளரும். வாய்ப்பாட்டுக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. 1942-இல் வந்த 'நந்தனார்' படத்தில், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த தண்டபாணி தேசிகர் பாடியிருப்பதைக் கேளுங்கள். பழைய ஒற்றைத் தடப் பதிவுதான். ஆனாலும் குரலின் கனம் அப்படியே வந்து நிற்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி மட்டும் சற்று மெலிந்து கேட்கும்.

அந்தக் குறையைத் தீர்ப்பது அமெரிக்காவின் ஆடிசி எல்.சி.டி.-2. காந்தங்களுக்கு நடுவே மெல்லிய படலம் அதிர்கிற வகை. தொப்பியின் கும்காரம் அடிவயிறு வரை இறங்கும். ஆனால் எடை அரைக் கிலோவுக்கு மேல். தனி ஆவர்த்தனம் முடிவதற்குள் கழுத்து கெஞ்சும்.

மூன்றாவது, 2009-இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 800. காதைத் தொடாமல் சுற்றி உட்காரும் பெரிய கூடு. அணிவதற்கு இதுதான் சுகம். வயலின் எந்தப் பக்கம், தம்புரா எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போனால்தான் வம்பு, காதைக் குத்தும். பழைய பதிவின் இரைச்சலையும் கூசாமல் காட்டிக்கொடுக்கும்.

கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு சொல். கண்ணாடிக் காம்பு மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்டால், அந்த வழியாகத் தாழ்ந்த ஒலி கசிந்து போகும். பெரிய ஜிமிக்கிக்கும் இதே கதி. ஒலி மோசம் என்று ஹெட்போனைக் குறைசொல்லும் முன், அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

விருத்தாசலம் பஸ்ஸில் கேட்பதற்கு இவை மூன்றும் உதவாது; கூடு திறந்தவை என்பதால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உங்கள் பாட்டு பக்கத்து சீட்டுக்குப் போகும். சென்ஹைசர் இரண்டும் 300 ஓம் மின்தடை உள்ளவை. செல்போனில் செருகினால் ஒலி சோர்ந்துதான் வரும். தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ஆம்ப்ளிஃபயர் வந்துவிட்டது என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகவும் வேண்டாம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் ஊர் வெயிலுக்கும் நம் சங்கீதத்துக்கும் என் ஓட்டு எச்.டி. 600-க்கே. நீங்கள் எதை வாங்கினாலும், கடையிலேயே தலையில் போட்டு ஒரு முழுக் கீர்த்தனையைக் கேளுங்கள். கேட்க விடாத கடையில் வாங்காதீர்கள்.