படிக்க முடியாத எழுத்து

1968 பிப்ரவரி 28. மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, செம்மண் பொட்டலில் ஆரோவில் என்ற சர்வதேச நகரம் பிறந்த நாள். 124 நாடுகளின் மண்ணை இளைஞர்கள் கொண்டுவந்து, தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டார்கள். புதுச்சேரியில் தம் அறையிலிருந்தே அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னை ஆரோவில் சாசனத்தைப் பிரெஞ்சில் வாசிக்க, அகில இந்திய வானொலி அதை ஒலிபரப்பியது. தொடர்ந்து 16 மொழிகளில் அது ஒலித்தது. அத்தனை மொழியும் புரிந்தவர் அங்கே யார் இருந்திருப்பார்? ஆனாலும் கூட்டம் நின்று கேட்டது. பொருள் முழுதும் புரியாமலே மனிதரை ஒன்றுசேர்ப்பது சடங்கு.

இந்த உண்மையைத் தூரிகையால் தொட்டவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். இதே கடற்கரையில், வடக்கே ஈஞ்சம்பாக்கத்தில், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்.

1911இல் கோயம்புத்தூரில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, அதன் முதல்வராகவும் ஆனார். மேற்கத்திய பாணியில் கைதேர்ந்திருந்த அவர், ஐம்பது வயதைக் கடந்தபின், 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள், எண்கள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தின் சாயலில் வரிவரியாக நுணுக்கி எழுதிய கோடுகள். உற்றுப் பார்த்தாலும் ஒரு சொல்கூடத் தேறாது.

நம் வீட்டுப் பெட்டியிலும் ஜாதகம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மஞ்சள் தடவிப் பத்திரப்படுத்துகிறோம். நம்முடைய ஒன்றின் முன்னாலேயே நாம் அந்நியராக நிற்கிறோம். பணிக்கர் வரைந்தது அந்த நிலையைத்தான் என்று நான் நம்புகிறேன்.

அந்த அந்நியத்தன்மைக்கு அவர் விளக்கம் எழுதித் தீர்வு தேடவில்லை. அந்தக் குறிகளையே மறுபடி மறுபடி எழுதினார். தினமும் கோலமிடும் கைக்குப் புள்ளிக்கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா? அப்படித்தான், எழுத எழுத, விலகிப்போன மரபு அவர் கைக்குத் திரும்பியது. 1977இல் அவர் மறைந்தார்.

திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே போனால், 'என்ன எழுதியிருக்கிறது?' என்று தேடாதீர்கள். வரிகளைக் கண்ணால் மெல்லத் தொடருங்கள். பண்டிதர், பாமரர், உள்ளூர்க்காரர், வெளிநாட்டார் யாராலும் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. அதனாலேயே அதன் முன் யாரும் மேல் இல்லை, யாரும் வெளியாள் இல்லை. மொழியின் பேரால் மனிதரை ஒதுக்கும் காலத்தில், பணிக்கரின் ஓவியங்கள் நமக்கு மிகவும் தேவை என்று சொல்வேன்.