மூத்த காரும் மசகெண்ணெயும்

வயது முதிர்ந்த காருக்குக் கெட்டியான எண்ணெயே ஏற்றது என்பது பலருடைய கருத்து. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே நம்பினோம்.

நம்மிடம் பழைய அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. உத்தரப்பாராவில் 2014-ஆம் ஆண்டுடன் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. அது நீலப் புகை கக்கத் தொடங்கியபோது, புகையை அடக்க 50-ஆம் எண் எண்ணெயை ஊற்றினோம். புகை குறைந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் வடநாட்டுக் குளிர்காலம் வந்தது. விடியற்காலையில் எஞ்சினை முடுக்கியதும் உள்ளே தடதடவென்று ஓசை எழுந்தது. பாகுபோல் இறுகிய எண்ணெய் பேரிங்குகளைச் சென்றடையத் தாமதமாயிற்று. அதுவரை உலோகம் உலோகத்தை உரசிற்று.

எண் பெரிதாயின் எண்ணெய் கெட்டி, சிறிதாயின் மெல்லியது. மெல்லிய எண்ணெய் விரைந்து பாயும். ஆயினும், தேய்ந்து இடைவெளி அகன்ற எஞ்சினில், கோடை வெப்பத்தில், அதன் அழுத்தம் நிலைத்து நில்லாது. ஆகவே இரு குணமும் ஒருங்கே வேண்டும். '20 டபிள்யூ 40' என்னும் குறியீட்டில் முதல் எண் குளிரில் ஓடும் இயல்பையும், பின்னெண் 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் எஞ்சும் கெட்டித்தன்மையையும் காட்டும்.

காருடன் வந்த கைப்புத்தகத்தையும் ஊரின் தட்பவெப்பத்தையும் நோக்கியே எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். எங்கள் காரில் புகைக்குக் காரணம் தேய்ந்த பிஸ்டன் வளையங்களே. கெட்டி எண்ணெய் நோயை மறைத்தது, தீர்க்கவில்லை. வளையங்களை மாற்றிய பின்னர் 20 டபிள்யூ 40-க்கே திரும்பினோம்.