கால் வீக்கம்: ஒன்றா, இரண்டா?

மாலையிற் செருப்பின் வார் இறுகுகின்றது. காலையில் அது தளர்ந்துவிடுகின்றது. வயது முதிர்ந்தோர் பலர் இதனைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகின்றனர். வேறு சிலரோ, கால் சற்றுப் பருத்ததும் யானைக்கால் வந்துவிட்டதென அஞ்சி உறக்கம் இழக்கின்றனர். வீக்கம் ஒரு நோயன்று. உள்ளே நிகழும் ஏதோ ஒன்றின் அடையாளமே அது. அவ்வடையாளத்தை அறிவதற்கு முதலிற் கேட்கவேண்டிய கேள்வி மிக எளியது: வீங்கியிருப்பது ஒரு காலா, இரு கால்களுமா?

காலுக்கு இறங்கிய குருதி மீண்டும் இருதயத்தை நோக்கி ஏறவேண்டும். நடக்கும்போது கெண்டைக்காலின் தசைகள் நாளங்களைப் பிழிந்து அதனை மேலே தள்ளுகின்றன. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் அமர்ந்தபடியே வருபவருக்கு அத்தசைகள் ஓய்ந்துகிடப்பதால், இறங்கும்போது இரு கணுக்கால்களும் பருத்திருத்தல் இயல்பே. காலைச் சற்று உயர்த்திப் படுத்தெழுந்தால் வடிந்துவிடும்.

வடியாத வீக்கத்தின் கதை வேறு. இரு கால்களும் நாட்கணக்கில் வீங்கியிருந்து, முன்னெலும்பின்மீது பெருவிரலால் அழுத்தியதும் குழி விழுந்து நிற்குமாயின், உடலில் நீர் தேங்குகின்றது என்பதே பொருள். பெரும்பாலும் சில கிலோ நிறையுள்ள நீர் சேர்ந்த பின்னரே இது கண்ணுக்குப் புலனாகும். படுத்தால் மூச்சு முட்டுமாயின் இருதயத்தையும், காலையிற் கண்ணிமைகள் தடித்துச் சிறுநீர் நுரைக்குமாயின் சிறுநீரகத்தையும், வயிறும் உப்பிக் கண் மஞ்சளாகுமாயின் ஈரலையும் ஐயுறவேண்டும். குருதியமுக்கத்துக்கு வழங்கப்படும் அம்லோடிப்பின் என்னும் குளிசையும் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்வதுண்டு. அதனைத் தாமே நிறுத்திவிடுதல் தகாது. வைத்தியரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறொன்று தருவார். அயல்வீட்டாரின் நீர்க்குளிசையை இரவல் வாங்கி விழுங்குவது இன்னும் கேடானது. வீக்கம் சற்றுக் குறையும். காரணமோ மறைந்திருந்து வளரும்.

கருவுற்ற தாய்மாருக்குப் பாதம் சிறிது வீங்குதல் வழமையே. ஆனால் ஐந்து மாதம் கடந்தபின் முகமும் கைகளும் திடீரென வீங்கித் தலையிடியும் கண்மங்கலும் சேருமாயின், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

இனி ஒரு கால் மட்டும் வீங்கும் நிலை. இதுவே பெரிதும் தவறாக விளங்கப்படுகின்றது. சத்திரசிகிச்சைக்குப் பின்னரோ, மகப்பேற்றின் பின்னரோ, எலும்பு முறிந்து பலநாள் படுக்கையிற் கிடந்த பின்னரோ ஒரு கெண்டைக்கால் திடீரென வீங்கி நொந்தால், ஆழ்ந்த நாளத்துள் குருதி உறைந்திருக்கக்கூடும். நம்மவர் வழக்கம் உடனே எண்ணெய் காய்ச்சி உருவிவிடுவதுதான். அன்பினாற் செய்யும் காரியமே; ஆயினும் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். ஆகையால் அக்காலைத் தேய்க்கலாகாது. அன்றைக்கே வைத்தியரிடம் காட்டவேண்டும். வீக்கத்தோடு நெஞ்சு நோவோ, மூச்சுத்திணறலோ, இருமலிற் குருதியோ காணப்பட்டால் ஒரு கணமும் தாமதியாது 1990 என்னும் இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

கால் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் அடித்தால் தோலினூடே கிருமி புகுந்திருக்கலாம். விரலிடுக்கிலுள்ள சேற்றுப்புண்ணே அதற்கு வாசலாவது அதிகம். நீரிழிவுள்ளவர் இதில் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

யானைக்காலைப் பற்றிய அச்சத்துக்கும் விடை கூறவேண்டும். நுளம்பு பரப்பும் நுண்புழுக்கள் நிணநீர்க் குழாய்களைக் கெடுப்பதால் வருவது அது. மேல், தென், வடமேல் மாகாணங்களில் அது வேரூன்றியிருந்தது. அதற்கெதிரான இயக்கம் இலங்கையில் 1947இல் தொடங்கியது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது ஒழிக்கப்பட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்நோயின் நிலையான வீக்கம் பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல வளர்வது. நேற்றிரவு வீங்கிய காலுக்குக் காரணத்தை வேறிடத்திலேயே தேடவேண்டும். முன்னரே அந்நோயுற்றோர் நாள்தோறும் காலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்துவந்தால், அடிக்கடி வரும் காய்ச்சலும் நோவும் பெரிதும் குறையும்.

வைத்தியரிடம் செல்வோர், வீக்கம் என்று தொடங்கியது, எந்தக் காலில் முதலிற் கண்டது என்பவற்றைச் சொல்வதோடு, உட்கொள்ளும் குளிசைகள் அனைத்தையும் உறையோடு எடுத்துச் செல்லுதல் நன்று.