உடுவிலிற் பிறந்த ஒரு பாட்டி

கிருலப்பனையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்திலே பாட்டனாரின் பெயர் யாது என்று வினவினால் விடை உடனே வரும். அந்தப் பாட்டனாரைப் பெற்ற தாயின் பெயர் யாது என்று வினவினாலோ, வீட்டிலுள்ளோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். தந்தையின் பெயர் தலையெழுத்தாக நின்று தலைமுறையை உணர்த்துகின்றது. தாயின் பெயரோ மெல்ல மறைந்து விடுகின்றது.

இக்குறை நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வந்து குடியமர்ந்த அமெரிக்க முன்னோடிகளின் வமிசாவளியை ஆராய்வோரும் இதே இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். வின்சிலோ குடும்பத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மைரன் வின்சிலோ 1789 ஆம் ஆண்டில் வெர்மான்ட் மாநிலத்து வில்லிஸ்டன் என்னும் ஊரிற் பிறந்தவர். 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டு 1862 இல் சென்னையில் வெளிவந்த தமிழ் – ஆங்கிலப் பேரகராதி அவர் பெயரைத் தமிழுலகில் நிலைநிறுத்தியது. அவர்தம் மனைவியார் ஹரியட், கனெக்டிகட் மாநிலத்து நோர்விச் நகரில் லேத்ரொப் என்னும் குடும்பத்தில் 1796 இல் தோன்றியவர். இருவரும் 1819 இல் பொஸ்டன் துறைமுகத்திற் கப்பலேறி, கல்கத்தா வழியாக இலங்கையை அடைந்து, 1820 இல் உடுவிலிற் குடிபுகுந்தனர். அங்கே 1824 இல் ஹரியட் அம்மையார் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை நிறுவினார். பெண் கல்வியை ஊரார் ஐயத்தோடு நோக்கிய காலம் அது.

அக்குடும்பம் இம்மண்ணிற் பட்ட துன்பம் சிறிதன்று. 1821 இல் இலங்கையிற் பிறந்த மைந்தன் சார்ள்ஸ், கல்வியின் பொருட்டுத் தாய்நாட்டிற்கு அனுப்பப்பட்டான். 1832 மே மாதம் அமெரிக்காவிலேயே மாண்டான். அதன்பின் எட்டுத் திங்கள் நிறைவதற்குள், 1833 ஜனவரியில், ஹரியட் அம்மையாரும் உடுவிலில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 36. வின்சிலோ 1836 இற் சென்னைக்குச் சென்று, 1864 இல் தாயகம் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையிற் காலமானார்.

வின்சிலோ என்னும் குடும்பப் பெயரை மட்டும் பற்றிக்கொண்டு செல்பவர் இவ்விடத்திலேயே தவறிவிடக் கூடும். அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மறுமணம் புரிந்தவர். எனவே பழைய ஏடுகளில் ‘வின்சிலோ அம்மையார்’ என்று காணும்போது, எந்த அம்மையார் என்பதை ஆண்டு கொண்டே துணிதல் வேண்டும். மகள்மாரோ திருமணத்தின்பின் வேறு பெயருக்குள் மறைந்து போயினர்.

அவ்வாறு மறைந்த ஒருவரே, 1829 இல் உடுவிலிற் பிறந்த மகள். அவருக்குத் தாயின் பெயரையே ஹரியட் லேத்ரொப் வின்சிலோ என்று இட்டிருந்தனர். அவர் ஜோன் வெல்ஷ் டலஸ் என்பவரை மணந்தார். அத்தம்பதியர் சென்னையிற் சில ஆண்டுகள் சமயப்பணி புரிந்து அமெரிக்கா மீண்டனர். அவர்தம் மகன் அலன் மேசி டலஸ், மதகுருவும் இறையியற் பேராசிரியருமாக விளங்கினார். அவருடைய மைந்தருள் ஒருவர், 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் வெளிநாட்டு அமைச்சராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ். மற்றொருவர், அந்நாட்டு மத்திய உளவு நிறுவனத்தின் தலைவராயிருந்த அலன் டலஸ். உலக அரசியலை ஆட்டிப் படைத்த அச்சகோதரர் இருவரின் பாட்டி, உடுவிலிற் பிறந்த பெண்!

ஜோன் பொஸ்டர் டலஸின் வரலாற்றைக் கூறுவோர், முன்னர் அதே பதவியை வகித்த தாய்வழிப் பாட்டனார் ஜோன் பொஸ்டரைத் தவறாது குறிப்பிடுவர். உடுவிற் பாட்டியை நினைவு கூர்வோர் சிலரே. மகளின் பெயருக்குள் லேத்ரொப் என்னும் தாய்வீட்டுப் பெயர் தங்கி நின்றமையாலன்றோ இச்சங்கிலியின் கண்ணிகள் அறாமல் இருக்கின்றன!

நம் குடும்பங்களின் வேரைத் தேடுவோர்க்கு இதிலே படிப்பினை உண்டு. மிஷன் பாடசாலைகளிற் பயின்ற பிள்ளைகள் பலருக்கு, அவர்களின் செலவை ஏற்ற அமெரிக்கரின் விருப்பப்படி அந்நாட்டுப் பெயர்கள் இடப்பட்டன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அமெரிக்கரின் வழித்தோன்றல்கள் அல்லர். தூய தமிழ்க் குடியினரே. ஆகையால் ஒருவருடைய இரு பெயர்களையும் தேடுதல் வேண்டும்.

பெண்களின் பெயரைத் தேடுவோர்க்கோ யாழ்ப்பாணத்தில் ஓர் அரிய துணை இருக்கின்றது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, பெண்ணின் சீதனத்தை அவளுடைய தனியுடைமையாகக் கொண்டது. அதனாலே, குடும்பத்தார் மறந்த பெயர் பழைய சீதன உறுதியில் எழுதப்பட்டிருக்கக் கூடும். கறையான் அரிப்பதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தல் நன்று.

ஹரியட் அம்மையார் தொடங்கிய பாடசாலை 2024 இல் இருநூறாண்டுகளை நிறைவு செய்து, உடுவில் மகளிர் கல்லூரியாக இன்றும் நிலைபெற்றுள்ளது. அவருடைய பெயர் கற்றோர் ஏட்டில் நின்றுவிட்டது. நம் பாட்டிமாரின் பெயர்களை நிறுத்த வேண்டியவர் நாமே.