பச்சை உப்பும் பசுமைப் பட்டாசும்

ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை. பக்கத்திலேயே வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பட்டாசு ஆலைகள். இந்த மண்ணில் வேதியியல் பாடமாவதற்கு முன்பே பிழைப்பாகிவிட்டது. பட்டம் பெறும் மாணவ மாணவியரே, பேரியம் நைட்ரேட் என்று நீங்கள் தேர்வில் எழுதியதைக் கலவை அறையில் ‘பச்சை உப்பு’ என்பார்கள். வாணத்துக்குப் பச்சை நிறம் தருவது அதுதான். கம்பி மத்தாப்பு எரியப் பிராணவாயு கொடுப்பதும் அதுவே. பசுமைப் பட்டாசின் பெயரால் முதலில் தடைபட்டதும் அந்தப் பச்சை உப்புதான் என்பது ஒரு வேடிக்கை.

2018 அக்டோபர் 23 அன்று, பட்டாசு தொடர்பான அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தது. அப்படிப்பட்ட பட்டாசுகள் சாத்தியம் என்ற நம்பிக்கை, மத்திய அரசின் பிரமாணப் பத்திரத்தில் இருந்த ஆய்வகத் தகவல்களிலிருந்து வந்தது. நாக்பூரின் நீரி சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் அந்த வேலையில் உண்மையாகவே இறங்கியிருந்தது. ஆனால் இரண்டு வாரத்தில் தீபாவளி. கடையில் ஒரு பசுமைப் பட்டாசு கூட இல்லை. நவம்பரில் சிவகாசி ஆலைகள் கதவடைத்தன, மாதக் கணக்கில் திறக்கவில்லை. நுண்துகள் சுமார் 30 சதவீதம் குறையும் என்ற அறிவிப்போடு பட்டாசுகள் வந்தது அடுத்த ஆண்டு அக்டோபரில். ‘ஆய்வகத்தில் முடியும்’ என்பது ஒரு வாக்கியம்; ‘ஆலையில், இந்த விலையில், இந்த மாதத்துக்குள் முடியும்’ என்பது முற்றிலும் வேறு வாக்கியம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து சொல்வதும் அறிவியல் வேலைதான். அதற்கு ஆள் பழக்கவில்லை என்பதே என் வாதம்.

இதே மண்ணின் தீப்பெட்டித் தொழிலைப் பாருங்கள். வேறு நாடுகளில் தீக்குச்சியில் சேர்த்த வெள்ளைப் பாஸ்பரஸ் தொழிலாளரின் தாடை எலும்பை அரித்தது. 1898-இல் பிரான்சில் அதற்கு மாற்றான தீக்குச்சி மருந்து தயாரானது. 1906-இல் வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்யும் பெர்ன் ஒப்பந்தம் வந்தது. 1913-இல் இந்தியாவிலும் தடைச் சட்டம். அதற்குப் பிறகுதான், 1920-களில், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் பழகிவந்தார்கள். அந்தத் தாடை நோயை நம் தீப்பெட்டி ஆலைகள் அறியாததற்குக் காரணம், மாற்று முன்னே வந்து, தடை பின்னே வந்ததுதான். இன்னொரு எடுத்துக்காட்டு, பட்டாசுக்கான 1999-ஆம் ஆண்டின் ஒலி விதி. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சரவெடியானால், சேர்த்துக் கட்டிய வெடிகளின் எண்ணிக்கைக்கு லாகரிதம் எடுத்து, ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். நூறு வாலாவில் ஒவ்வொரு வெடிக்கும் 115. அரசிதழில் லாகரிதம் ஏறியிருக்கிறது என்றால், யாரோ ஒரு விஞ்ஞானி அதிகாரியின் மேசையருகே உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும்.

அப்படி உட்காரப் பழக்குவதை அமெரிக்காவின் அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1973 முதல் செய்கிறது: முனைவர் பட்டம் பெற்றவர்களை நாடாளுமன்ற அலுவலகங்களுக்கு அனுப்புகிறது. தமிழ்நாட்டிலும் 2022 முதல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இளைஞர்களை அரசுத் துறைகளில் அமர்த்துகிறது. நல்ல தொடக்கம். ஆனால் இது தலைநகரில் மட்டும் கற்கும் வித்தை இல்லை. ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் நைட்ரேட்டோடு சேர்ந்தால் தானாகவே சூடேறும்; போரிக் அமிலம் கொஞ்சம் சேர்த்தால் அது அடங்கும். இதை வேதியியல் மாணவருக்குச் சமன்பாடாகச் சொல்லித் தருகிறோம். தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு பக்கக் குறிப்பாகவும், மருந்து கலக்கும் தொழிலாளிக்கு நாலு வரியாகவும் எழுதச் சொல்லித் தருவதில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட ஊர்ப்பக்கத்தில், இந்தக் குறையைச் சின்னதென்று தள்ள முடியாது.

விஞ்ஞானி கொள்கைக்குள் புகுந்தால் நடுநிலை கெடும் என்பார்கள். கெடலாம்; முடிவையும் அவரே எடுக்கப் புறப்பட்டால் கெடும். பேரியத்தை நீக்கினால் எந்த நிறம் போகும், எவ்வளவு புகை குறையும், மாற்றுக்கு எத்தனை மாதம் ஆகும் என்று சொல்வது அவர் பொறுப்பு. டெல்லிக் குழந்தையின் நுரையீரலையும் சிவகாசித் தொழிலாளியின் கூலியையும் எடைபோடுவது நீதிமன்றமும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களும் செய்ய வேண்டியது. இந்த ஊர்க்காரர் இந்த ஊருக்குத்தான் பேசுவார் என்பது இன்னொரு ஐயம். ஆனால் வேலை முடிந்து தலை முதல் கால் வரை வெள்ளிப் பூச்சோடு வெளியே வருபவர் அலுமினியத் தூசியை ஆண்டு முழுக்கச் சுவாசிக்கிறார். டெல்லிக்கோ பட்டாசு மாசு தீபாவளி நேரப் பிரச்சினை மட்டும்தான். உள்ளூரை அறிந்தவர் உண்மையைச் சொன்னால் அது ஆலைக்குச் சாதகமாகவே இருக்கும் என்று யார் சொன்னது? எல்லாம் பணமும் அரசியலும்தானே என்ற மூன்றாவது பேச்சில் பாதி உண்மை உண்டு. ஆனால் மேம்படுத்திய கலவையில் பேரியத்தை அனுமதிக்கக் கேட்ட உற்பத்தியாளர்களை 2023 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. பணம் இருந்தும் அந்தக் கதவு திறக்கவில்லை.

ஆகவே கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்: இறுதியாண்டு ஆய்வேட்டோடு, அதே ஆய்வைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எது உறுதி, எது ஐயம், எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்பது மட்டும் அதில் இருக்கட்டும். அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.