வயதின் சூடா? மாத்திரை நின்ற நடுக்கமா?

(முன்னேஸ்வர மகோற்சவ காலத்தில் அங்கு வந்திருந்த தோட்டத் தாய்மார் மத்தியில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை.)



மலையில் இருந்து விடிய விடிய பஸ்ஸில் வந்து, முன்னைநாதரையும் வடிவாம்பிகையையும் கும்பிட்டு, காளியம்மனுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டுக் களைப்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள். நீட்டி முழக்க மாட்டேன். ஒரே ஒரு விஷயம்தான்.

சில வருடங்களுக்கு முன் இதே திருவிழாவுக்கு ஓர் அம்மா வந்தார். கொழுந்து பறிப்பவர், வயது 47. மாதவிடாய் தாறுமாறாகி, தூக்கம் கெட்டுப்போனதால் அவருக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாளைக்கென்று கொடுத்ததை இரண்டு வருடமாக ஒவ்வொரு இரவும் குடித்து வந்தார். திருவிழாவுக்குப் புறப்பட ஒரு கிழமைக்கு முன், "விரதம் முடியிற வரைக்கும் மருந்து மாத்திரை தொடமாட்டேன்" என்று நேர்ந்துகொண்டு அப்படியே நிறுத்திவிட்டார்.

இங்கே வந்தபோது அவருக்குக் கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது. மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்தினார். விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றார். "இது வயசுக் கோளாறுக்கா, எனக்கும் வந்திச்சு" என்றார் ஒருத்தி. "காத்துக் கருப்புப் பட்டிருக்கு" என்றார் இன்னொருத்தி. அன்றிரவு வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வழமையா என்ன மாத்திரை குடிக்கிறாங்க? எப்ப நிறுத்தினாங்க?" கூட வந்த எவருக்கும் பதில் தெரியவில்லை. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களிடம் கொடுத்தனுப்பப் போகிறேன்.

மாதவிடாய் நிற்கும் காலம் பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் வரும். அதற்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்தே சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும். நெஞ்சில் இருந்து முகம்வரை திடீரென்று சூடு ஏறும், சில நிமிடத்தில் வியர்த்து அடங்கும். தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும், எரிச்சல் வரும். இது நோயல்ல, பருவம்.

மாத்திரை விஷயம் வேறு. டயஸிபாம், அல்பிரசோலம், லொராசிபாம், குளோனசிபாம் என்பவை எல்லாம் ஒரே குடும்பம். 1960இல் லிப்ரியம், 1963இல் வாலியம் என்று சந்தைக்கு வந்தவற்றின் வழியில் வந்தவை. இவை மூளைக்குப் பிரேக் போடுகின்றன. நாட்பட்டால் மூளை தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடும். பிறகு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் போன லொறியின் கதைதான். இவற்றை 2 முதல் 4 கிழமைக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானியாவில் 1988இலேயே டாக்டர்மாருக்கு அறிவுறுத்தினார்கள். 2020இல் அமெரிக்காவிலும் இந்த ஆபத்தைக் கடும் எச்சரிக்கையாக மருந்தோடு அச்சிட்டுக் கொடுக்க உத்தரவிட்டார்கள்.

தூக்கமின்மை, வியர்வை, படபடப்பு, பதற்றம், மறதி இவை இரண்டிலும் உண்டு. ஆகவே இவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: எப்போது தொடங்கியது? பருவ மாற்றம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். மாத்திரை நின்றதால் வருவது, சில மாத்திரைகளுக்கு ஓரிரு நாளில், டயஸிபாம் போன்றவற்றுக்கு ஒரு கிழமை கழித்தும் வரலாம். அதனால்தான் பலருக்குத் தொடர்பு தெரிவதில்லை.

இரண்டு: மாதவிடாய் மாறியிருக்கிறதா? முந்துவது, பிந்துவது, இரண்டு மாதம் வராமல் இருப்பது பருவத்தின் அடையாளம். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு இந்த அடையாளம் கிடைக்காது.

மூன்று: கை நடுக்கம், தசைத் துடிப்பு, காதில் இரைச்சல், சத்தமும் வெளிச்சமும் தாங்காமை, இல்லாதது தெரிவது, வலிப்பு இவற்றில் ஏதாவது உண்டா? இவை பருவத்தின் குணமல்ல. மாத்திரையை நினையுங்கள்.

ஒருவருக்கே இரண்டும் சேர்ந்தும் வரலாம். அந்த அம்மாவுக்கு அப்படித்தான். தைரொயிட் கோளாறும் இரத்தச் சோகையும் இதே மாதிரிப் படபடப்பைக் காட்டும். எனவே டாக்டரிடம் போய் இரத்தம் சோதிப்பது நல்லது. 35 வயது கடந்தவர்கள் வெல் வுமன் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் இரத்தம் பட்டால், ஒரு துளி என்றாலும் காட்டுங்கள்.

இன்னும் சில. மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும் அளவில், கொஞ்சம் கொஞ்சமாக, கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கிக் குடிக்காதீர்கள். தூக்கம் வரவில்லை என்று சாராயத்தை நாடாதீர்கள், மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. "கிழவிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று சிரிக்காதீர்கள். மாத்திரை உறையைத் தேடி எடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள்.

அம்மனை நம்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் கும்பிடத்தான் வந்தேன். விரதம் சாப்பாட்டுக்கு இருக்கட்டும், மாத்திரைக்கு வேண்டாம். அடுத்த வருடம் இங்கே வரும்போது திருநீற்றுப் பொட்டலத்தோடு மாத்திரை உறையையும் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

எல்லோரும் சுகமாக மலை ஏற வேண்டும்.