நீத்திப் பள்ளத்தாக்கின் காட்டு வெங்காயம்

(மாணவர்களுக்கும் வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரை)

வெங்காயம் என்றவுடன் அரசு அலுவலகங்களில் விலைவாசி பற்றிய கவலையே முதலில் எழும். வயல் வெங்காயத்திற்கு மலைகளில் உறவினர் பலர் உண்டு என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. வெங்காயமும் பூண்டும் அடங்கிய அல்லியம் என்னும் பேரினத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 1,100 இனங்கள் உள்ளன. இந்தியாவில் இயற்கையாக வளரும் சில பத்து வகைகளில் பெரும்பாலானவை இமயத்தைச் சார்ந்தவை.

2019-ஆம் ஆண்டில் உத்தரகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், நீத்திப் பள்ளத்தாக்கிலுள்ள மலாரிச் சிற்றூரை அடுத்து, தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தின் ஆய்வாளர்கள் ஒரு காட்டு வெங்காயத்தைக் கண்டனர். முன்பே அறியப்பட்ட அல்லியம் பிரிசெவால்ஸ்கியானம் என்ற இனத்தை அது பெரிதும் ஒத்திருந்தது. எனினும், குமிழ், இலை, பூக்கொத்து ஆகியவற்றை ஒப்பிட்டபோது வேறுபாடு தெளிவாயிற்று. 2021-இல் அது அல்லியம் நேகியானம் என்னும் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. இமயத்தில் அல்லியம் வகைகளைத் தேடிச் சேகரிப்பதில் உழைத்த குல்தீப் சிங் நேகியின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

புதியது என்பது அறிவியல் ஏட்டிற்கு மட்டுமே. உள்ளூர் மக்கள் இதனை நெடுங்காலமாக அறிவர். வீட்டுத் தோட்டத்திலும் வளர்த்து வந்துள்ளனர். இலையையும் குமிழையும் உலர்த்தி உணவுக்கு மணமூட்டப் பயன்படுத்துகின்றனர். ஜம்பு, ஃபரண் போன்ற வட்டாரப் பெயர்கள் ஒரே இனத்தைக் குறிப்பவை அல்ல. சந்தைக்கு வரும் உலர்ந்த தழையைக் கொண்டு எந்த இனம் மலையில் குறைந்து வருகிறது என்று கணக்கிட இயலாது.

இச்செடி கடல் மட்டத்திற்கு மேல் 3,000 முதல் 4,800 மீட்டர் வரையுள்ள உயரத்தில் வாழ்வது. புக்யால் எனப்படும் திறந்த மலைப் புல்வெளிகள், ஆற்றோர மணற்பாங்கான நிலம், பனி உருகி ஓடும் சிற்றோடைகளின் கரைகள் ஆகியவை இதன் இருப்பிடங்கள். உருகும் பனிநீர் விதைகளை ஏற்ற இடங்களுக்கு எடுத்துச் செல்கிறது. ஆதலால் ஓடையின் போக்கை மாற்றும் சாலையோ கட்டுமானமோ, செடியைத் தொடாமலே அதன் பரவலைக் குலைத்துவிடக்கூடும். திட்ட மதிப்பீடுகளில் இத்தகைய இழப்புக்குத் தனிப் பத்தி இருப்பது அரிது!

அறுவடை முறையே அடுத்த கவலை. இலையை அளவோடு அரிந்தால் குமிழ் மண்ணில் தங்கி, மறு கோடையில் தழைக்கும்; குமிழைத் தோண்டினால் செடியே போயிற்று. விதை முற்றுமுன் பூந்தண்டையும் வெட்டினால் அடுத்த தலைமுறைக்கு வழி அடைபடுகிறது. இந்த இனம் மேற்கு இமயத்தில் குறுகிய பகுதியிலேயே அறியப்பட்டுள்ளது. ஆகவே வரம்பற்ற சேகரிப்பை அது தாங்காது.

சேகரிப்பை முற்றிலும் தடை செய்வது அலுவலர்களுக்கு எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால் கோடையில் மேலேறி, குளிர்காலத்தில் தாழ்ந்த ஊர்களுக்கு இறங்கும் போட்டியா மக்களின் அடுக்களைப் பொருள் இது. வீட்டுத் தோட்டச் சாகுபடியை ஊக்குவித்துக் காட்டுச் செடியின் மீதுள்ள சுமையைக் குறைப்பதே பொருத்தமானது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் ஊராட்சி மட்டத்தில் மேலாண்மைக் குழுக்களுக்கும் மக்கள் பதிவேடுகளுக்கும் இடமளிக்கிறது. எந்த ஓடைக்கரையில் எவ்வகை வளர்கிறது, எப்போது பூக்கிறது, எப்போது அரிவது வழக்கம் என்பவற்றை அப்பதிவேட்டில் எழுதுவதற்கு அவ்வூர்ப் பெண்களைவிடத் தகுந்தவர் எவருமில்லை.